கல்யாணக் கார்டில் சுற்றிய துணி

லாத்தாவின் வீட்டில் எந்த அலமாரிக்கும் கதவு கிடையாது. ஆசாரியை வரச்சொல்லி, பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கழற்ற வைத்தார். கழற்றியதில் அகலமான கதவு, துணி தேய்க்கும் பலகை ஆயிற்று. மற்றவை மாடிப்படிக்குக் கீழே கிடந்தன.

"கதவு இருந்தா மூடத் தோணும். மூடுனா மறந்துபோவும். மறந்தா பூசணம் பூத்துரும்" என்பார்.

தென்காசியில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் இரண்டு மூன்று மாதத்துக்கு எங்கள் வீடுகளில் உப்பு கசியும், தீப்பெட்டி நமுத்துப்போகும், பீரோவைத் திறந்தால் ஒரு வாடை முகத்தில் அடிக்கும். லாத்தாவின் மாடி அறையில் மட்டும் அந்த வாடை கிடையாது. இத்தனைக்கும் தெருவிலேயே அதிகத் துணி இருந்த வீடு அது.

லாத்தா என்றால் முஸ்லிம் வீட்டு வழக்கில் அக்கா. எங்கள் தெருவில் எந்த வீட்டுக்காரருக்கும் அவர் லாத்தாதான். எனக்குப் பதினைந்து வயது மூத்தவர், நான்கு வீடு தள்ளி இருந்தார். துண்டுத் துணிகளை அளவாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்துத் தைத்து, உள்ளே பழைய சேலை ஒன்றை வைத்து, போர்வை செய்வார். அவர் கணவர் துபாயில் ஒரு தையல் கடையில் இருந்தார். ஊருக்கு வரும்போது மற்றவர்கள் சென்ட் பாட்டிலும் பால்பவுடரும் கொண்டுவருவார்கள். அவர் அட்டைப்பெட்டி நிறைய வெட்டு மிச்சங்களும் மாதிரித் துணிகளும் கொண்டுவருவார். அப்படி இருபத்தைந்து வருடத்துப் பெட்டிகள் அந்த மாடி அறையில் பிரிந்து கிடந்தன. கிடந்தன என்பது தவறு. நின்றன.

லாத்தா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்தத் துணிகள் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. இந்த ஆடி மாதம் அவற்றுக்குள் எங்கேயோ ஒரு காகிதத்தை ஒளித்துவைத்துவிட்டு, எங்கே என்று மறந்துபோனேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் அந்தக் காகிதம் வேண்டும். நான் தேட உட்கார்ந்தது சனிக்கிழமை.

காகிதம் என் மகளுடையது. அவளுக்குத் தூத்துக்குடியில் மீன்வளப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. நீச்சல் கற்பதற்கும் படகில் கடலுக்குள் போவதற்கும் தாய், தந்தை இருவரும் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டிய படிவம் அது. கலந்தாய்வு அன்று முத்திரை குத்தி ஒன்றே ஒன்றுதான் கொடுத்தார்கள். அவள் அப்பா பஸ் கண்டக்டர். டூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில், டிக்கெட்டில் கிறுக்குகிற மாதிரி, சோற்றுக் கையோடு இடதுகையால் தாளைப் பிடித்துக்கொண்டு போட்டுவிட்டுப் போனார். நான் படித்துப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்று வாங்கிவைத்தேன்.

வைகாசிக் கடைசியில் அவள் சிநேகிதிகளோடு குற்றாலத்துக்குக் குளிக்கப் போனாள். மலைமேல் மழை பெய்தது கீழே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. தண்ணீர் செம்மண் நிறத்தில் ஏறியது. எல்லோரும் ஓடினார்கள். இவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம்கூடப் பார்க்காத ஓர் அம்மா இவள் முடியைப் பிடித்துப் படிக்கு இழுத்துப் போட்டார். செருப்பும் பையும் போயின. ஈரச் சுடிதாரோடு பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தவள், முழங்காலில் சிராய்ப்பைத் துடைத்துக்கொண்டே, "ஒண்ணும் ஆகலம்மா" என்றாள்.

ஒன்றும் ஆகவில்லைதான். ஆனால் பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டுத் தொட்டியில் தண்ணீர் விழுந்தால் இன்றைக்கும் எழுந்துபோய் அவள் இருக்கிறாளா என்று பார்க்கிறேன். அன்றிலிருந்து அவளைத் தனியாக எங்கும் அனுப்பவில்லை. ஸ்கூட்டர் சாவியை என் கைப்பையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் போனேன். இந்த நிலையில் கடல் என்று எழுதிய தாளில் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? ஒருநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் பீரோவைத் திறந்து, லாத்தாவின் துணி ஒன்றைப் பிரித்து, படிவத்தை நான்காக மடித்து உள்ளே வைத்து, திரும்பச் சுற்றி இடையில் செருகினேன். பதற்றத்தில் எந்தத் துணி என்று பார்க்கவில்லை. அவள் கேட்டபோது "இங்கனதான் வச்சேன், காணலயே" என்றேன்.

அவளும் வீடெல்லாம் தேடினாள். நானும் கூடவே சேர்ந்து தேடினேன். அதை நினைத்தால்தான் இப்போதும் கூசுகிறது.

*

லாத்தா துணியைச் சுற்றுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார். கல்யாணக் கார்டு. கெட்டியான பத்திரிகை ஒன்றை எடுத்து, அதன்மேல் துணியைச் சுற்றி, ஓரத்தை உள்ளே செருகிவிடுவார். அப்படிச் சுற்றிய துணி புத்தகம் மாதிரி நிற்கும். தட்டில் வரிசையாக நிறுத்திவைத்தால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே காற்று போகும். மரம் பட்டால் துணி மஞ்சளாகப் பழுத்துவிடும் என்று தட்டுகளில் பழைய வெள்ளைக் கைலியை விரித்திருந்தார். கீழ்த்தட்டில் முழத்துக்கு மேற்பட்டவை, அதற்கு மேல் சாண் அளவு, உச்சியில் நாடா மாதிரி நீளமானவை. இரண்டு விரல் அகலம்கூட இல்லாததெல்லாம் பனையோலைப் பெட்டிக்குள் போகும்; தலையணைக்கு.

எது எங்கே இருக்கிறது என்பதை நிறத்தை வைத்துச் சொல்லமாட்டார். கல்யாணத்தை வைத்துத்தான் சொல்வார்.

"ரெண்டாவது தட்டுல டாக்டர் மக கல்யாணத்துல ஒரு நீலம் இருக்கும், எடு."

"அது நீலமில்ல லாத்தா, பச்சையால்லா இருக்கு."

"அப்ப அது மூத்தவ கல்யாணம். எளையவ கல்யாணத்தப் பாரு."

பார்த்தால் நீலம் இருக்கும். கல்யாணம் நடந்த வரிசையில்தான் துணி நின்றது. ஊரில் யார் கல்யாணம் யார் கல்யாணத்துக்குப் பிறகு நடந்தது என்பது அவருக்கு மனப்பாடம். பிள்ளை பிறந்த வீடுகள், பிரிந்துபோன ஜோடிகள் எல்லாம் அந்தத் தட்டில் நின்றன. பிரிந்துபோனவர்கள் கார்டை எடுத்துவிடுவீர்களா என்று ஒருமுறை கேட்டேன்.

"எதுக்கு? கார்டு கெட்டியாத்தான இருக்கு."

யாராவது பத்திரிகை வைக்க வந்தால் பெயரைப் படிப்பதற்கு முன்னால் மூலையை மடக்கிப் பார்ப்பார். மெல்லிசாக இருந்தால் முகம் சுருங்கிவிடும். போனில் அழைப்பு அனுப்பும் காலம் வந்ததும் அவருக்குப் பெரிய கோபம். "போட்டோ அனுப்புதானுவ, போட்டோ. அதுல எந்தத் துணியச் சுத்த?" என்று போனை என்னிடம் நீட்டுவார்.

அடுத்தவர் வீட்டுக் கார்டு என்று தயங்குகிற பழக்கமும் அவருக்குக் கிடையாது. ஒருநாள் காலையில் ஓடிப்போய்க் கேட்டேன்.

"லாத்தா, எங்க டிவி மேல ஒரு கார்டு வச்சிருந்தேன், பாத்தியளா? ஆபீஸ்ல கூட வேல பாக்கவுக மக கல்யாணம். இன்னைக்கா நாளைக்கான்னு பாக்கணும்."

"ரோஸ் கலரு, பூவெல்லாம் தூக்கலா அச்சடிச்சிருக்குமே, அதா?"

"அதேதான்."

"அதுல சாட்டின் சுத்தியாச்சு. முகூர்த்தம் இன்னைக்குக் காலைல ஆறு மணிக்குல்லா. இப்பம் பந்தியே முடிஞ்சிருக்கும்."

சொல்லிவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

நான் தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறேன் என்பதால் என்னைத் "தபாலு" என்றுதான் கூப்பிடுவார். "ஏ தபாலு, இங்கன வா. சனிக்கெழமல்லா, மறந்துட்டியா?" என்று தெருவுக்கே கேட்கக் குரல் கொடுப்பார். சனிக்கிழமை மடிப்பு மாற்றுகிற நாள். ஒரு வாரத்துக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டு, அதிலுள்ள துணிகளை எல்லாம் பிரித்து, உதறி, முன்பு மடிந்த கோட்டில் மறுபடி மடியாதபடி கார்டைத் திருப்பிவைத்துச் சுற்றுவார். நீளவாக்கில் இருந்தது குறுக்கே போகும். குறுக்கே இருந்தது மூலைவாக்கில் போகும்.

"நல்லாத்தான இருக்கு, இதப் போயி எதுக்கு லாத்தா பிரிக்கிய?"

"ஒரே பக்கமாப் படுத்தா ஒனக்கு முதுகு வலிக்காதா? துணிக்கும் வலிக்கும்ட்டி. மடிச்ச மடிப்புலயே கெடந்தா அங்கனதான் மொதல்ல கிழியும்."

அதை வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு பழைய துணி ஒன்றைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மற்ற இடமெல்லாம் உறுதியாக இருந்தது. மடிப்புக் கோட்டில் மட்டும் நூல் நூலாக வெளிச்சம் தெரிந்தது.

*

இவ்வளவு பார்த்தும் நான் ஒரு காரியம் செய்தேன்.

மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. லாத்தா விசிட் விசாவில் இரண்டு மாதம் கணவரிடம் போனார். போகும்போது சாவியை என்னிடம் கொடுத்து, "காலைல ஜன்னலத் தொற. சனிக்கெழம மடிப்ப மாத்து. வேற ஒண்ணும் செய்யாத" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சரியாகக் கேட்டிருக்க வேண்டும்.

அவர் போன வாரமே சாரல் சீசன் ஆரம்பித்தது. கதவில்லாத அலமாரி, திறந்த ஜன்னல், உள்ளே வருகிற சாரல். எலி வந்தால்? பல்லி? எனக்குத் தூக்கமே போயிற்று. மூடி இறுக்கமாகப் பிடிக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டிகள் பன்னிரண்டு வாங்கினேன். மூன்று நாள் லீவு போட்டேன். தபால் பிரிக்கிற கை அல்லவா. துணிகளை எல்லாம் நிறவாரியாகப் பிரித்து அடுக்கி, பாச்சை உருண்டை போட்டு, மூடி, மேலே சிவப்பு, பச்சை, நீலம் என்று எழுதி ஒட்டினேன். உள்ளே இருந்த கல்யாணக் கார்டுகள் நாலு சாக்கு வந்தன. குப்பை என்று பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன்.

லாத்தா திரும்பி வந்து மாடி ஏறினார். பெருமையாகப் பின்னால் நின்றேன். அவர் முதல் பெட்டியைத் திறந்தார். மூடியின் உள்பக்கம் வியர்த்திருந்தது. துணியை எடுத்தார். கறுப்புப் புள்ளிகள், மிளகைத் தூவிய மாதிரி. சாரல் காற்றின் ஈரத்தோடு நான் அடைத்த துணி அந்த ஈரத்திலேயே இரண்டு மாதம் கிடந்திருக்கிறது. இரண்டாவது பெட்டி. மூன்றாவது. பன்னிரண்டையும் திறந்தார். கடைசிப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"கார்டெல்லாம் எங்கட்டி?"

சொன்னேன். அப்போதுதான் தரையில் உட்கார்ந்தார். துணி பூசணம் பூத்ததற்கு உட்காரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து சேலையை இழுத்துச் செருகினார். இரண்டு நாள் உப்பும் எலுமிச்சம்பழமும் தேய்த்து அத்தனையையும் துவைத்தோம். துவைத்த துணியைக் காயப்போட வெயில் இல்லை. மேகம் மலையைவிட்டு இறங்கி மொட்டைமாடியிலேயே நின்றது. ஈரத்துணியை இன்னும் ஒருநாள் வைத்திருந்தால் எல்லாம் போய்விடும்.

லாத்தா தெருமுனைக்குப் போய் லோடு ஆட்டோக்காரரைக் கூட்டிவந்தார்.

"தம்பி, இப்பம் எங்கன வெயில் அடிக்கி?"

"என்ன லாத்தா கேக்கிய?"

"வெயிலுப்பா, வெயிலு. எங்கன அடிக்கி?"

அவர் தலையைச் சொறிந்தார். "எம் மாமியா ஊரு திருவேங்கடத்துப் பக்கம். அங்கன மழைங்கதே கெடையாது. போன மாசம் போயிட்டு வந்தேன், மூஞ்சி கரிஞ்சிட்டு."

"அங்கன வண்டிய விடு."

ஈரத்துணி மூட்டைகளின்மேல் நானும் லாத்தாவும் மகளும் உட்கார்ந்து போனோம். வீரகேரளம்புதூர் வரைக்கும் சாரல் எங்கள் பின்னாலேயே வந்தது. அதற்குப் பிறகு விட்டது. சங்கரன்கோவில் தாண்டியதும் வானம் வெள்ளையாக இருந்தது. திருவேங்கடத்துக் கரிசல் காட்டில் இறங்கினால் தரை சுட்டது. டிரைவரின் மாமியார் களத்தைத் திறந்துவிட்டார். சிமெண்டுக் களம், சுற்றிலும் பருத்திக் காடு, தூரத்தில் காற்றாலைகள். நாங்கள் மூட்டையைப் பிரிப்பதை இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"ஏந்தாயி, தென்காசில வெயிலு தீந்துபோச்சாக்கும்?"

"தீந்துபோச்சு ஆச்சி. ஒங்க ஊர்ல கொஞ்சம் கடன் வாங்கிட்டுப் போலாம்னு வந்தோம்" என்றார் லாத்தா.

"வாங்கிட்டுப் போங்க, மொத்தத்தையும் வாங்கிட்டுப் போங்க. எங்களுக்கு ஒரு சாரலக் குடுத்துட்டு."

துணியின் முன்பக்கம் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் போடச் சொன்னார் லாத்தா. "வெயிலு முதுகுல படட்டும், மூஞ்சில படக்கூடாது." ஒவ்வொன்றின் மேலும் கல் வைத்தோம். ஆடிக்காற்று கல்லை மதிக்கவில்லை. மூன்று துண்டுகள் எழும்பிப் பருத்திக் காட்டுக்குள் பறந்தன. மகள் செருப்பில்லாமல் அவற்றைத் துரத்திக்கொண்டு ஓடினாள்.

கத்தினேன். கிணறு இருக்கும், பாம்பு இருக்கும், முள் இருக்கும் என்று பின்னால் ஓடப் போனேன். லாத்தா என் மணிக்கட்டைப் பிடித்தார். தையல்காரப் பிடி, வலித்தது.

"ஓடட்டும்ட்டி. துணியும் வரும், பிள்ளையும் வரும்."

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் லாத்தா இருக்கு."

"அந்த ஒண்ணுக்குத்தான் ரெண்டு காலு குடுத்திருக்கு."

அவள் காட்டுக்குள் மறைந்து, திரும்பத் தெரிகிறவரை அவர் என் கையை விடவில்லை. எத்தனை நிமிடம் என்று எனக்குத் தெரியாது. இரண்டு துணியோடு நொண்டிக்கொண்டு வந்தாள். காலில் கருவேல முள். லாத்தா தன் முந்தானையிலிருந்த ஊக்கைக் கழற்றி அதை எடுத்தார். "ரெண்டு வந்துட்டு. ஒண்ணு போச்சு" என்றார். போனதைத் தேடச் சொல்லவும் இல்லை, போகவில்லை என்று சொல்லவும் இல்லை.

சாயங்காலம் மொறுமொறுவென்று காய்ந்த துணியோடு திரும்பினோம். பாதித் துணியில் புள்ளி போகவில்லை. ஒரு வருடம் உட்கார்ந்து, புள்ளி விழுந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சின்னச் சதுரமாக்கினார். கார்டுக்குத் தெருத் தெருவாகப் போனார். "கல்யாணம் முடிஞ்ச கார்டு இருக்கா?" என்று வீடு வீடாகக் கேட்டார். நானும் ஆபீஸில் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். ராயகிரி, கடையம், செங்கோட்டை என்று யாரென்றே தெரியாதவர்களின் கல்யாணங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. அவற்றை முதலிலிருந்து மனப்பாடம் செய்தார்.

அந்தச் சின்னச் சதுரங்களில் முதலில் தைத்த போர்வையை என் மகளுக்குக் கொடுத்தார். நடுவில் ஒரு சதுரத்தை மட்டும் புள்ளிகளோடு அப்படியே வைத்திருந்தார். யார் வந்தாலும் அதைத் தொட்டுக் காட்டி, "இது தபாலு கைவேல" என்று சொல்லிச் சிரிப்பார். ஐந்தாறு வருடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சில நாள் சிரிப்பு வரும். சில நாள் வராது.

*

அவர் கணவர் துபாயிலேயே இறந்தார். லாத்தா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண்கள் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் காலம் அது. ஜன்னல் ஜன்னலாகத் திறந்துவைத்து வாழ்ந்தவர் உள்ளே இருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. அந்த நாட்களில் சனிக்கிழமைக்குக் காத்திருக்காமல் தினமும் மடிப்பு மாற்றினார். கணவர் கடைசியாகக் கொண்டுவந்த துணிகளை மட்டும். நானும் கூட உட்கார்ந்து செய்தேன்.

"கஷ்டமா இல்லியா லாத்தா, இப்பிடி உள்ளயே கெடக்கது?"

கையிலிருந்த துணியை உதறினார். "இது நான் இருக்கதுட்டி. யாரும் வச்சுப் பூட்டுனதில்ல. அவுகளுக்காக நானா இருக்கேன். ரெண்டும் ஒண்ணாயிருமா?"

நூற்று முப்பது நாள் முடிந்த மறுநாள் காலையில் மொட்டைமாடியில் அத்தனை துணியும் காய்ந்தன. தெரு முழுக்க அண்ணாந்து பார்த்தது.

அவர் இறந்தபின், வெளியூரில் இருந்த அவர் மகன் வீட்டை விற்க வந்தார். துணிகளை லோடு ஆட்டோவில் ஏற்றி என் வாசலில் இறக்கினார். "உம்மா ஒங்களுக்குத்தான் குடுக்கச் சொல்லிருக்கு மாமி. கதவக் கழத்திட்டு வைக்கச் சொல்லணும்னும் சொல்லிச்சு" என்றார்.

நான் கதவைக் கழற்றவில்லை. இரண்டு இரும்பு பீரோவில் அடுக்கிப் பூட்டினேன்.

*

அவள் தேடித் தேடி ஓய்ந்துபோனதைப் பார்க்க முடியாமல், சனிக்கிழமை காலையில் பீரோ இரண்டையும் திறந்து துணிகளைக் கூடத்தில் இறக்கினேன். லேசாக அந்த வாடை ஆரம்பித்திருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிரித்ததைச் சுற்றத் தெரியாமல் குவித்தேன். ஒரு மணி நேரத்தில் பிரித்தது எது பிரிக்காதது எது என்று தெரியாமல் போயிற்று. மகள் உள்ளே வந்து குவியலைப் பார்த்தாள்.

"என்னம்மா தேடுத?"

ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் எடுத்தவள், கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன்.

"ஒன் படிவம். நான்தான் இதுக்குள்ள ஒளிச்சு வச்சேன். எதுலன்னு தெரியல."

அவள் முகம் சிவந்தது. "பன்னெண்டு நாளா ஏங்கூடச் சேந்து தேடுன. கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாத்த."

"ஆமா."

"நான் காலேஜுக்குப் போன் பண்ணி அழுதேன். பக்கத்துல நின்ன."

"ஆமாட்டி."

"என்னையத் தொலைச்சிருவோம்னு பயந்து பேப்பரத் தொலைச்சிட்ட." திரும்பி வாசல்வரை போனாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே சாரலைப் பார்த்தவள் திரும்பி வந்து என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இன்னும் கோபம் போகவில்லை.

"எந்தக் கலரு?"

"பாக்கல."

"எந்தக் கல்யாணம்?"

"பாக்கலட்டி."

"இப்படித் தேடுனா திங்கக்கெழம வரைக்கும் கெடைக்காது. லாத்தா பெரியம்மா மாதிரி செய்வோம். பிரிச்சத உடனே சுத்தி நிறுத்தணும். எங்கன நிறுத்த?"

பீரோவைப் பார்த்தேன். அவள் எழுந்து தன் புத்தக அலமாரிக்குப் போனாள். கதவில்லாத மர அலமாரி. பிளஸ் டூ புத்தகங்களை இரு கையாலும் அள்ளித் தரையில் வைத்தாள். "இங்கன வை. எனக்கு இனிமே வேண்டாம்" என்றாள்.

அவள் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து ஐந்து தட்டிலும் விரித்தோம். அவள் கார்டின் தேதியைப் பார்த்து வாசிப்பாள், நான் துணியை உதறிப் பழைய மடிப்பில் படியாமல் சுற்றுவேன். முழம் கீழே, சாண் மேலே. டாக்டர் வீட்டில் லாத்தா மறுபடி கேட்டு வாங்கியிருந்த மகள்கள் கார்டு இரண்டும் அடுத்தடுத்து வந்தன. நான் போகாமல் விட்ட ரோஸ் கார்டு வரவில்லை. பேப்பர்காரரோடு போனவற்றில் அதுவும் ஒன்று. மத்தியானம் சோறு ஆக்கவில்லை. காலையில் சுட்ட தோசையைச் சுருட்டித் தின்றோம். மூன்றாவது தட்டு நிறையும்போது அவள் கோபம் கொஞ்சம் குறைந்திருந்தது. கார்டுகளைக் குரல் மாற்றி வாசித்தாள்.

நான்கு மணிக்கு ராயகிரிக் கல்யாணம் ஒன்று வந்தது. யாரென்று எங்கள் இருவருக்கும் தெரியாது. மஞ்சள் பூப்போட்ட துணி. பிரித்தேன். படிவம் கார்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் அதைப் பிடுங்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாள் ஈரம் குடித்திருந்தது. ஓரத்தில் மூன்று புள்ளிகள். மடிப்புகள் சந்திக்கும் நடுவில் ஒரு மிளகு அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அவள் அப்பாவின் கையெழுத்து நன்றாகத் தெரிந்தது. அதன் பக்கத்தில் 'தாய்' என்று போட்டு ஒரு கோடு.

"அருவியில நின்னப்போ பயமா இருந்துச்சா?" என்று கேட்டேன். ஒன்றரை மாதத்தில் அவளிடம் அதை நான் கேட்டதே இல்லை.

"ரொம்ப. நீச்சல் தெரியலயேன்னு இருந்துச்சு."

பேனாவை எடுத்தேன். பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம். எதிரில் உட்கார்ந்திருந்தவளை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். சத்தம் நிற்கக் காத்திருக்காமல் போட்டேன். ஆபீஸில் தினமும் நூறு இடத்தில் போடுகிற கையெழுத்து மாதிரி அது இல்லை. ஆனால் என் பெயர்தான்.

"ஓட்டையா இருக்கேம்மா, வாங்குவாங்களா?"

"நானும் வருதேன். நான் சொல்லுதேன் அவங்ககிட்ட."

"வந்தா ஒரு மூட்டத் துணியையும் எடுத்துக்க. தூத்துக்குடில வெயிலு மண்டையப் பொளக்குமாம்" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள். ஆனால் சொன்னாள். உள்ளே போய்ப் புள்ளி வைத்த போர்வையை எடுத்துவந்து தன் பையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

தாளை மடிக்கப் போனேன். கை பழக்கத்தில் பழைய கோட்டுக்கே போனது. நிறுத்தி, தாளைத் திருப்பி, ஓட்டை விழுந்த இடத்தை விட்டு வேறு பக்கமாக ஒரே ஒரு மடிப்பு மடித்து, அவள் கையில் கொடுத்தேன்.